சித்திரை வெயிலில் ஒரு கம்பளிக் கோட்டு

பாலையூற்றில் என் பேருக்கு எழுதியிருந்த சீதனக் காணியை விற்றுத்தான், என் லண்டன் படிப்புக்கு முதல் வருடக் காசைக் கட்டினோம். அடுத்ததாகக் குளிருக்கு ஒரு கோட்டு வேண்டும். வெள்ளைக்காரன் எங்கள் ஊர்த் துறைமுகத்தில் விட்டுப்போன கடற்படைக் கம்பளிக் கோட்டொன்றை அப்பா எங்கேயோ தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். அதை என் அளவுக்குச் சின்னனாக்க அம்மா குண்டூசி குத்திக்கொண்டிருந்தா. சித்திரை வெயிலில் நான் அதற்குள் அவிந்துகொண்டு நின்றபோதுதான் அப்பாவின் தமையன், என் பெரியப்பா, வந்தார்.

கதிரையில் உட்கார முதலே தொடங்கிவிட்டார்.

“சீதனக் காணியையும் வித்துப்போட்டீங்கள். இனி இவளை ஆர் கட்டுவான்?”

அப்பா தமையனுக்கு முன்னால் வாய் திறக்க மாட்டார். அம்மாவின் வாய் நிறையக் குண்டூசி. ஆகவே நானே கதைத்தேன்.

“உங்கட மகனை மெட்ராசில படிப்பிக்கக் கட்டைபறிச்சானில இருந்த வயலை வித்தனீங்கள்தானே, பெரியப்பா. அவரை ஆர் கட்டுவாள் எண்டு ஆரும் கேட்டவையே?”

அவருக்கு முகம் கறுத்துப்போனது.

“முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டிப்போட்டு வந்து மரியாதையாக் கதை.”

வேர்வை முதுகால் வழிந்து கால்வரை வந்துவிட்டது. எனக்கும் கழட்டத்தான் ஆசை. கோட்டின் தெறிகளைக் கீழிருந்து கழுத்துவரை ஒவ்வொன்றாகத் துளைக்குள் மாட்டிப் பூட்டினேன்.

“ஓம் பெரியப்பா,” என்றேன். “இப்ப சொல்லுங்கோ.”