பெயர் கேட்காத கவுன்டர்

வடகோடியில், வருஷத்தில் பாதி பனி மூடிக் கிடக்கும் எங்கள் அல்மபோர்ஸ் ஊரில் என்னைப் போல அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவள் வேறு யாரும் கிடையாது. எதிர் வீட்டில் புது சோபா இறங்கினால் எந்தக் கடை, பழையது எங்கே போயிற்று என்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய், கேள்வியே கேட்கக் கூடாத கவுன்டரில் உட்கார வைத்தது எங்கள் நகராட்சி.

யார் வேண்டுமானாலும் வந்து நகராட்சியின் காகிதங்களைக் கேட்கலாம். தலைவருக்கு வந்த கடிதம், அவர் எழுதிய பதில், எது வேண்டுமானாலும். எடுத்துக் கொடுப்பது என் வேலை. ‘நீங்கள் யார், எதற்கு?’ என்று மட்டும் கேட்கக் கூடாது, அது சட்டம். வாய் வரை வந்த கேள்விகளை முப்பத்தோரு வருஷம் விழுங்கித்தான் எனக்கு உடம்பு பெருத்துவிட்டது என்று என் கணவர் ரொல்ஃப் சொல்வார்.

ஹப்தோம் வோல்து அந்தக் கவுன்டருக்கு முதன்முதலில் வந்தது ஒரு பிப்ரவரி மாதம். எரித்ரியாவிலிருந்து வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. நான்காம் எண் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் டை. வந்ததும் வராததுமாக வசிப்பு அட்டை, ஓட்டுநர் உரிமம், வேலை பார்க்கும் இடத்துக் கடிதம், இரண்டு புகைப்படம் எல்லாவற்றையும் என் முன்னால் வரிசையாகப் பரப்பினார்.

“ஆஸ்பத்திரி வாசல்ல இருந்த பஸ் நிறுத்தத்தை ஏன் எடுத்தாங்க? அந்தத் தீர்மானத்தை நான் பாக்கலாமா?”

“தாராளமா. இதையெல்லாம் உள்ள வைங்க.”

“என் பேரு எழுதிக்க வேண்டாமா?”

“வேண்டாம்.”

“எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?”

“கேக்கக் கூடாது. சத்தியமா கேக்கணும் போலத்தான் இருக்கு.”

அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். யாராவது பிடிக்க வருகிறார்களா என்று பார்த்தாராம், பிறகு சொன்னார். நகலை வாங்கிக்கொண்டு போனவர், மறுநாளும் வந்தார். இந்த முறை டை இல்லை, அட்டை இல்லை, இரண்டு கையும் பாக்கெட்டில். அதே தீர்மானத்தைக் கேட்டார். கொடுத்தேன். மூன்றாம் நாள் தொலைபேசியில் குரலை மாற்றிக்கொண்டு கேட்டார்.

“தபால்ல அனுப்பிடறேன்,” என்றேன். “நாலாம் நம்பர் பஸ் இன்னைக்கு நேரத்துக்குப் போகுதா?”

அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு. அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள். நான் அவர் வீட்டில் அவர்கள் ஊர் வழக்கப்படி மூன்று சுற்று காபி குடிப்பேன், பொரித்த சோளத்தைக் கொறித்துக்கொண்டே. அவர் என் வீட்டில் இலவங்கப்பட்டை ரொட்டி தின்றுவிட்டு, “இதுல காரம் எங்கே, குன்னெல்?” என்பார்.

முதல் ஓட்டுப் போட்டபோது அவருக்கு முப்பத்தாறு வயது. நாற்பத்தோராவது வயதில் அவருக்கே ஓட்டுப் போட்டோம். நகர்மன்ற உறுப்பினர் ஆனார், அப்புறம் தணிக்கைக் குழுவின் தலைவர். பஸ்ஸையும் விடவில்லை, பாதி நாள் பஸ், பாதி நாள் மன்றம். நகராட்சித் தலைவர் ஸ்தூரே அவருடைய சொந்தக் கட்சிக்காரர்தான். அதற்காக விட்டுவிடவில்லை. பனி வாரும் வண்டிகளின் பட்டியலை ஒருநாள் என்னிடம் வாங்கிப் போய் மன்றத்தில் வாசித்தார்.

“ஸ்தூரே, உன் வீட்டுப் பாதையில ஆறு வீடு. அங்க காலை அஞ்சு மணிக்குப் பனி வாரியாச்சு. பள்ளிக்கூடப் பாதையில இருநூறு பிள்ளைங்க. அங்க ஒம்பது மணி. ஏன்?”

ஸ்தூரே முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. மறுவாரம் வண்டிகள் பாதை மாறின. ஆனால் அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் மாவட்டப் பட்டியலில் ஹப்தோமை மூன்றாவது இடத்தில் போட்டதும் அதே ஸ்தூரேதான். எங்கள் நாட்டில் ஓட்டு கட்சிக்கு, கிடைக்கிற இடங்களுக்குப் பட்டியலில் மேலே இருப்பவர்கள் போவார்கள். கட்சிக்கு மூன்று இடம் நிச்சயம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எரித்ரியாவில் வாக்குச் சீட்டையே பார்க்காத மனுஷன், நாடாளுமன்றத்துக்குப் போகப்போகிறார். நான் புதுக் கோட்டு வாங்கிவிட்டேன், பதவியேற்பைப் பார்க்கப் போக.

ஜூன் மாதம் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். ஐவார் என்ற கிழட்டு விவசாயி முன் வரிசையில் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

“உங்க ஊருல ஓட்டே கிடையாது. எங்களுக்கு ஜனநாயகம் சொல்லித்தர வந்தியாக்கும்?”

“சொல்லித்தர வரல, ஐவார். தண்ணி இல்லாத ஊருல இருந்து வந்தவனுக்கு, குழாய் சொட்டுற சத்தம் முதல்ல கேக்கும். அவ்வளவுதான்.”

மண்டபம் சிரித்தது. ஐவார் சிரிக்கவில்லை. “அது கிடக்கட்டும். மேல போனா உன் ஆளுங்களை எல்லாம் உள்ள விடுவியா?”

“என் ஆளு, உன் ஆளுன்னு பாத்தா அதுக்குப் பேரு சட்டம் இல்ல. வரலாம்னாலும் சொல்லு, முடியாதுன்னாலும் சொல்லு, ஆனா சீக்கிரம் சொல்லு, எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லு. உள்ள ஆள் தெரிஞ்சவனுக்கு ஒரு வரிசை, தெரியாதவனுக்கு ஒரு வரிசைன்னு இருக்கக் கூடாது.”

நன்றாகக் கைதட்டினோம். நான்தான் அதிகம் தட்டியிருப்பேன்.

ஆகஸ்டில், நல்ல மழை நாளில், நீல மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் கவுன்டருக்கு வந்தாள். ஹப்தோம் வோல்து இந்த வருஷம் மற்ற அரசு அலுவலகங்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் எல்லாம் வேண்டும் என்றாள். பத்திரிகைக்காரியா, எதிர்க்கட்சியா, பஸ்ஸைத் தவறவிட்ட கோபமா? என் தலை வெடித்துவிடும் போல இருந்தது. “நாளைக்கு மத்தியானம் வாங்க,” என்று மட்டும் சொன்னேன்.

நாற்பது கடிதம் இருந்தன. சாலை, பள்ளி, சாக்கடை. மார்ச் மூன்றாம் தேதிக் கடிதம் மட்டும் குடியேற்ற அலுவலகத்துக்குப் போயிருந்தது. ‘என் தங்கையின் விண்ணப்பம் இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறது. அவள் கம்பாலாவில் தனியாக இருக்கிறாள், உடல்நிலை சரியில்லை. தயவுசெய்து சீக்கிரம் பாருங்கள்.’ அதன் கீழே: ‘ஹப்தோம் வோல்து, நகர்மன்ற உறுப்பினர், தலைவர், தணிக்கைக் குழு.’

நகராட்சி வக்கீலைக் கூப்பிட்டேன். வீட்டு விஷயமாக எழுதியது என்றால் கொடுக்க வேண்டியதில்லை, பதவியை வைத்து எழுதியது என்றால் கொடுத்தே ஆக வேண்டும், எழுதியவரைக் கேட்டுப் பாருங்கள் என்றார் அவர். ஹப்தோமை வரச்சொன்னேன். விஷயம் எப்படியோ கசிந்து ஸ்தூரேயும் கூடவே வந்து நின்றார்.

“யாரு கேட்டது? ஆம்பளையா, பொம்பளையா?” ஸ்தூரேக்கு முதலில் அதுதான்.

“சொல்லக் கூடாது.”

“பாத்தல்ல?”

“பாத்தேன். உன்னைவிட எனக்குத்தான் அது யாருன்னு தெரிஞ்சுக்க ஆசை. நீ கொஞ்சம் தள்ளி நில்லு.”

கடிதத்தை ஹப்தோம் முன்னால் வைத்தேன். “இதை எழுதினது எந்த ஹப்தோம்? அண்ணனா, குழுத் தலைவரா?”

அவர் அதைத் தொடவில்லை. “கீழ இருக்கிற பதவி தானா வரும். எந்தக் கடிதம் அடிச்சாலும் கம்ப்யூட்டரே போட்டுரும்.”

“அப்புறம் என்ன!” என்றார் ஸ்தூரே. “வீட்டுக் கடிதம். முடிஞ்சுது. குன்னெல், எடுத்து உள்ள வை.”

நானும் எடுக்கக் கை நீட்டிவிட்டேன். பொய்யாகவே இருந்தாலும் அதோடு நிற்கட்டும் என்று மனசார ஆசைப்பட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

“அனுப்புறதுக்கு முன்னாடி அந்த வரியைப் பாத்தேன்,” என்றார் ஹப்தோம். “அழிக்கணும்னு கை போச்சு. அழிக்கல. அது இருந்தா கொஞ்சம் சீக்கிரம் பாப்பாங்கன்னு நெனச்சேன்.”

“அது உன் மனசுக்குள்ள நடந்தது, மனுஷா!” ஸ்தூரே கத்தினார். “அதை யாரு பாத்தா? இன்னும் மூணு வாரம். நாடாளுமன்றம்!”

“இதையே நீ எழுதியிருந்தா, குழுவில உக்காந்து நான் உன்னை என்ன கேப்பேன்?”

ஸ்தூரே பீட்ரூட் முகத்தோடு தன் அறைக்குப் போய்விட்டார்.

“அவ பேரை மட்டும் மறைச்சிரு, குன்னெல்,” என்றார் ஹப்தோம். “அவ ஒண்ணும் தப்பு பண்ணல. மத்ததைக் குடு.”

தங்கையின் பெயரைக் கறுப்பு மையால் அழித்தேன், அடுத்தவர் விண்ணப்பத்து விவரத்தைச் சட்டமே மறைக்கச் சொல்கிறது. மறுநாள் நீலக் கோட்டுக்காரி வாங்கிப் போனாள். வெள்ளிக்கிழமை பத்திரிகையில் முதல் பக்கம்.

அன்றைக்கே மண்டபத்தில் கூட்டம். உட்கார இடமில்லை. ஹப்தோம் மேடையில் ஏறி அந்தக் கடிதத்தைத் தானே வாசித்தார், கீழே இருந்த பதவி வரை.

“எனக்கு வந்த பதில் ஒரே வரி,” என்றார். “‘உங்கள் தங்கையின் முறை வரும்போது பார்ப்போம்.’ அதைப் படிச்சப்போ கோபம் வந்துச்சு, எவன்டா இவன்னு. கொஞ்ச நேரம் கழிச்சு, இப்படி ஒரு ஆபீஸ் இருக்கிற நாட்டுலதானே நான் இருக்கேன்னு சந்தோஷமாவும் இருந்துச்சு. வரிசையைப் பத்தி இதே இடத்துல நான் சொன்னது சரி. அதைச் செய்யாதவன் நான்.”

யாரும் கைதட்டவில்லை. முன் வரிசையில் ஐவார் எழுந்தார். கிழவன் கடிக்கப்போகிறான் என்று நினைத்தேன்.

“உன் தங்கச்சிக்கு இப்போ எப்படி இருக்கு?”

“இன்னும் வரிசையில இருக்கா, ஐவார்.”

கிழவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வாக்குச் சீட்டுகள் ஏற்கெனவே அச்சாகிவிட்டன, பெயரை எடுக்க வழியில்லை. ஆனால் எங்கள் சீட்டில் பிடித்த ஒருவர் பெயருக்கு நேரே குறி போடலாம், குறி அதிகம் வாங்கியவர் பட்டியலில் முன்னே வந்துவிடுவார். நான்காவதாக இருந்த பள்ளி ஆசிரியைக்கு மாவட்டமே குறி போட்டது. கட்சிக்கு மூன்று இடம் கிடைத்தது, ஹப்தோமுக்குப் பதில் அவள் போனாள். நான் ஹப்தோமுக்குத்தான் போட்டேன். போட்டுவிட்டு, சரிதானா என்று ஒரு வாரம் யோசித்தேன். தணிக்கைக் குழுவிலிருந்தும் அவரே விலகி, முழு நாளும் பஸ்ஸுக்குத் திரும்பினார். புதுக் கோட்டை மார்க்கெட்டுக்குப் போட்டுக்கொண்டு போனேன். எரிச்சலாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் நவம்பரில் முதல் பனி கொட்டிய வாரம், கவுன்டர் எதிரே நல்ல கூட்டம். நிமிர்ந்தால் ஹப்தோம், ஓட்டுநர் சீருடையில். பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண். இருபது வருஷச் சிநேகிதர், நேரே வந்து “குன்னெல்” என்று கூப்பிட்டிருக்கலாம். வரவில்லை. வாசலில் இருந்த இயந்திரத்தில் வரிசைச் சீட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்தார். நாற்பத்தேழு. அப்போது முப்பத்தெட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் பின் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாற்பத்தேழு என்று பலகையில் வந்ததும் அவள் மட்டும் எழுந்து வந்தாள். ஹப்தோம் பெஞ்சிலேயே இருந்து, தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பையிலிருந்து வசிப்பு அட்டை, மொழி வகுப்புச் சான்று, இரண்டு புகைப்படம் எல்லாவற்றையும் என் முன்னால் வரிசையாகப் பரப்பினாள். பாடம் பண்ணி வைத்திருந்த வாக்கியத்தை மெதுவாகச் சொன்னாள்.

“வகுப்புக்குப் போற பாதையில பனி வாரல. எந்தப் பாதையை முதல்ல வாருறாங்கன்னு பட்டியல் பாக்கணும். என் பேரு...”

“பேரு வேண்டாம்,” என்றேன். “இதையெல்லாம் உள்ள வைங்க.”

அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அந்தக் கவுன்டரில் உட்கார்ந்த நாளாக, எனக்குக் கேட்கத் தோன்றாத முதல் பெயர் அதுதான். அதை என் கையாலேயே மை போட்டு அழித்திருக்கிறேன். பட்டியலை எடுக்க உள்ளே போனேன்.