கோட்டுக்கு எந்தப் பக்கம்

ஹார்ம் வெல்டிங்க் மாடியிலிருந்து பின்பக்கமாகத்தான் இறங்குவார். முகம் படிகளைப் பார்த்திருக்கும், இரண்டு கைகளும் கைப்பிடியில் இருக்கும், கால்கள் ஒவ்வொன்றாகக் கீழே துழாவும். எங்கள் ஊர் மாடிப்படிகளுக்கும் ஏணிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அறுபத்தொன்பது வயதில், தேய்ந்த முழங்கால்களோடு, முன்பக்கமாக இறங்கினால் நேரே கல்லறைக்குத்தான் என்பது அவருடைய கட்சி. சிரிக்கிறவர்களுக்கு ஒரே பதில் வைத்திருக்கிறார். "பதினோரு வருஷம் பின்னால ஓடித்தான் பொழச்சேன். இப்ப மட்டும் என்ன புதுசா?"

இருபத்தாறு வருடமாக நான் அவருக்கு முதல் அண்டை வீட்டுக்காரன். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அது ஓர் உத்தியோகம். பிரசவம், சாவு, பனியில் சிக்கிய வண்டி என்று எது வந்தாலும் முதலில் தட்டப்படுவது முதல் அண்டை வீட்டுக் கதவு. முடியாது என்று சொல்ல வழியே இல்லை. ஹார்ம் தட்டக்கூட மாட்டார். வேலிச்செடிக்கு மேலே தலையை நீட்டி, "இருக்கியா?" என்பார். இருந்தால் போக வேண்டியதுதான்.

கடையில் வரிசையில் நிற்கும்போதும் அவர் பக்கவாட்டில்தான் நிற்பார். பின்னால் நிற்பவர் மீது முழங்கை லேசாக உரசிக்கொண்டே இருக்கும். புதிதாகக் குடிவந்த ஒரு பெண்மணி ஒரு முறை முறைத்துவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, பின்னாடி ஆள் எங்க நிக்குதுன்னு தெரியலைன்னா எனக்கு மூச்சு முட்டும்" என்றார் ஹார்ம். எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் முதுகு ஒட்டும் நாற்காலிதான் வேண்டும். தொலைக்காட்சியில் பந்தாட்டம் ஓடினால் அவர் பந்தைப் பார்ப்பதே இல்லை. கோல் விழுந்து நாங்கள் எல்லாரும் எழுந்து குதிக்கும்போது, இவர் மட்டும் கோல் வாங்கிய அணியின் பின்வரிசையைக் காட்டி, "அவன் அப்பவே தூங்கிட்டான், மூணு பாஸுக்கு முன்னாடி" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

அவரும் தொழிலாகப் பந்தாடியவர்; பின்வரிசை ஆட்டக்காரரின் வாழ்க்கை வரலாறு சின்னதுதான். முந்நூற்று நாற்பத்தொரு ஆட்டங்கள், மூன்று முறை உடைந்த மூக்கு, நான்கே கோல்கள். அந்த நான்கில் இரண்டு தன் வலைக்குள்ளேயே அடித்தவை என்பதை அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். நாட்டின் அணிக்கு ஒரே ஒரு தடவை அழைத்தார்கள். தொண்ணூறு நிமிடமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அந்த ஆரஞ்சு நிற மேல்சட்டையை அவருடைய மனைவி ட்ரைடா பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாள். முப்பத்திரண்டு வயதில் முழங்கால் கைவிட்டது. அதன் பிறகு பக்கத்து டவுனில் கூரை ஓடு விற்கும் கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை.

இதற்கெல்லாம் விதை ஒரு நொடி. அது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு, மே மாதம். எங்கள் மார்சுவோல்டுக்கும் பக்கத்து எர்பெக்குக்கும் கடைசி ஆட்டம். டிரா ஆனாலே லீக்கின் மேல் பிரிவுக்கு நாங்கள் ஏறுவோம், ஜெயித்தால் அவர்கள். எர்பெக்கின் முன்வரிசை ஆட்டக்காரன் பெரெண்ட் ஓடிங்கைப் பார்க்கப் பெரிய கிளப் ஒன்றிலிருந்து ஆள் வந்திருந்தார். கடைசி நிமிடத்தில் பெரெண்ட் தலையால் முட்டிய பந்து கோல்கீப்பரைத் தாண்டிப் போனது. எங்கிருந்தோ சறுக்கிக்கொண்டு வந்த இருபது வயது ஹார்ம், இடது காலால் அதை வெளியே கொக்கி போட்டு இழுத்துவிட்டார். நடுவர் வெகு தூரத்தில். கொடி பிடித்து நின்றவரோ எங்கள் ஊர்க் கசாப்புக்கடைக்காரர். கிராமத்து ஆட்டங்களில் ஆளுக்கொரு கொடிக்காரரை அந்தந்த கிளப்பே நிறுத்திக்கொள்ளும். அவர் கொடி அசையவில்லை; கோல் இல்லை, ஆட்டம் டிரா. பெரிய கிளப் ஆள் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனது ஹார்மின் பெயரை.

பெரெண்ட் நாற்பது வருடம் பால் லாரி ஓட்டினார்.

கோலைப் பறித்தது போதாதென்று ஹார்ம் எர்பெக்கிலேயே பெண்ணும் எடுத்தார். ட்ரைடாவின் அக்கா ஹில்லிதான் பெரெண்டின் மனைவி. ஆக, இருவரும் சகலைகள். எங்கள் ஊர்களில் கழிவறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கும். சொந்தக்காரர் பிறந்தநாள்கள் எல்லாம் அதில் இருக்கும். அதில் பெயர் ஏறிவிட்டால் தப்பிக்க முடியாது. மார்ச் மூன்றாம் தேதி ஆனால் பெரெண்ட் வீட்டுக் கூடத்தில் வட்டமாக நாற்காலிகள்; ஹார்மோடு வண்டியில் போகும் எனக்கும் ஒன்று. முதல் காப்பியும் கேக்கும் முடிந்து, இரண்டாவது காப்பி வருவதற்கு முன் பெரெண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்பார்:

"சகல, பந்து உள்ளயா, வெளியயா?"

"கோட்டு மேல."

"முழுசாவா?"

"முழுசா உள்ள போனாத்தான் கோலு. அது கோட்டு மேல இருந்துச்சு. காப்பி எங்க?"

வட்டமே சிரிக்கும். நாற்பத்தேழு பிறந்தநாள்களில் இந்தப் பேச்சு ஒரு வார்த்தை மாறியதில்லை என்பார்கள். பெரெண்ட் கோபித்து நான் பார்த்ததில்லை. ஒருவேளை அதனால்தானோ என்னவோ, கேள்வி முடிந்ததும் ஹார்ம் எப்போதும் எழுந்து கழிவறைக்குப் போய்விடுவார்.

இந்த வருடம் மார்ச்சில் பெரெண்டின் கேள்வி இருமலுக்கு நடுவே துண்டுதுண்டாக வந்தது. ஹார்ம் வழக்கமான பதிலைச் சொன்னார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நுரையீரலில் கட்டி என்றார்கள். அக்டோபரில் கூடத்து ஜன்னலோரம் ஆஸ்பத்திரிக் கட்டில் வந்து இறங்கியது. அடுத்த மார்ச்சைப் பற்றி யாரும் பேசவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஹார்முக்கு இடது முழங்காலில் அறுவை. தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு உலோகம் வைத்தார்கள். வீடு திரும்பியவர் ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலிக்கு மேலே தலை தெரிந்தது.

"இருக்கியா? எர்பெக் போகணும். எனக்கு இன்னும் வண்டி ஓட்டக் கூடாதாம்."

"சொல்லிட்டீங்களா அவங்ககிட்ட?"

"இல்ல."

நான் பயந்தேன். எங்கள் ஆட்கள் அம்மா வீட்டுக்குப் போவதென்றாலும் நாள் கேட்டுத்தான் போவார்கள். சொல்லாமல் போய்க் கதவைத் தட்டினால் வீட்டில் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று அர்த்தம். ட்ரைடா வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"நீயாவது சொல்லேன் இந்த ஆளுகிட்ட" என்றாள் என்னிடம். "சாகக் கெடக்கற மனுஷன்கிட்டப் போயி எதையோ சொல்லப் போறாராம். அம்பது வருஷமாச்சு. நிம்மதியாப் போகட்டுமே அவரு."

"நிம்மதியாப் போகட்டும்னுதான் போறேன்" என்றார் ஹார்ம்.

"யாரோட நிம்மதிக்கு?"

ஹார்ம் ஊன்றுகோலை ஒரு முறை தரையில் தட்டினார். உள்ளதைச் சொன்னால், நான் ட்ரைடா கட்சி. ஆனால் முதல் அண்டை வீட்டுக்காரனுக்குக் கட்சி கிடையாது. வண்டியை எடுத்தேன்.

இரண்டு பக்கமும் சோளம் அறுத்த வெற்று நிலம், சாரல். முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, புதுக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போன் பண்ணியிருக்கலாம்" என்றேன்.

"பண்ணா ஹில்லி வியாழக்கிழமை வான்னு சொல்லுவா. வியாழக்கிழமைக்குள்ள எனக்கு தைரியம் போயிரும்." கொஞ்ச தூரம் போன பிறகு முழங்காலைத் தட்டிக் காட்டினார். "இந்தக் காலுதான் அது. அந்த மூட்டையே வெட்டிக் குப்பையில போட்டுட்டாங்க. கசாப்புக்கடைக்காரரும் போய்ச் சேந்தாச்சு. இனி அதப் பாத்தவன் நான் ஒருத்தன்தான். நானும் வாயத் தொறக்கலைன்னா, அப்புறம் அது நடக்கவே இல்லைன்னு ஆயிரும்ல?"

"வேணாம்னு தோணலையா?"

"தோணுது. ஆட எறங்கும்போதெல்லாம் பெரெண்டோட எடத்துல நிக்கறேன்னு தோணும். முந்நூத்தி நாப்பத்தொரு தடவை தோணியிருக்கு. இன்னைக்கு ஒரு தடவை வேணாம்னு தோணினா என்ன கெட்டுப் போச்சு. நீ ஓட்டு."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. இத்தனை வருடம் ஏன் அடக்கி வைத்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எர்பெக் வந்துவிட்டது.

கதவைத் திறந்த ஹில்லி எங்களைப் பார்த்ததும் வெளுத்துப்போனாள். "ட்ரைடாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அவ நல்லாத்தான் என்னைத் திட்டிக்கிட்டு இருக்கா. சகலையப் பாக்கணும்."

"இன்னைக்கா? ஒரு போன் பண்ணக் கூடாதா, ஹார்ம்? வீடு கெடக்கற கெடப்பு…" சொல்லிக்கொண்டே எங்கள் மழைக்கோட்டுகளை வாங்கி மாட்டினாள். காப்பி இறங்கும் சத்தமும் கேட்டுவிட்டது.

பெரெண்ட் தலையணைகளில் சாய்ந்திருந்தார். அந்த அகலத் தோள்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. நீலக் கம்பளியின் மேல் வெள்ளை விரிப்பை மார்புக்குக் கீழே நேராக மடித்துவிட்டிருந்தார்கள். கட்டிலோரத்தில் ஒரு கிண்ணத்தில் சின்ன ஆரஞ்சுப் பழங்கள். ஹார்ம் சுவரை ஒட்டிக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டு, கட்டிலுக்கு அருகில், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

முதல் காப்பி முடிந்தது. மழை, முழங்கால், பால் விலை என்று நானும் ஹில்லியும்தான் பேசினோம். ஹார்ம் காத்துக்கொண்டிருந்தார். பெரெண்ட் தொண்டையைச் செருமவே இல்லை. ஹில்லி இரண்டாவது காப்பி எடுக்கச் சமையலறைக்குப் போனாள்.

"சகல, நீ கேக்கலையே" என்றார் ஹார்ம்.

பெரெண்டின் குரல் காற்றாகத்தான் வந்தது. "பொறந்தநாளு… மார்ச்சுலதான."

"தெரியும். இன்னைக்குக் கேளு."

பெரெண்ட் அவரையே பார்த்தார். கேட்கவில்லை. மூச்சு வாங்கியது. கேள்வி வராமல் பதில் சொல்லிப் பழக்கமில்லாத ஹார்மின் காதுமடல்கள் சிவந்தன. சட்டென்று கிண்ணத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்தார். விரிப்பின் வெள்ளை மடிப்பு மேல் வைத்தார். நாற்பத்தேழு வருடம் அவர் பந்தை வைத்திருந்த இடம், கோட்டு மேல். ஒரு விநாடி கையை எடுக்காமல் வைத்திருந்தார். பிறகு அதை உருட்டி, மடிப்பைத் தாண்டி, பெரெண்டின் பக்கம், இரண்டு விரற்கடை தள்ளி வைத்தார்.

"இங்க இருந்துச்சு" என்றார். "முழுசா. நான் பாத்தேன்."

ஹார்மின் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. சமையலறையில் கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பெரெண்ட் நெடுநேரம் பழத்தைப் பார்த்தார். பிறகு கம்பளிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார். அதற்கே அவருக்கு நேரமாயிற்று. ஒரு விரலால் பழத்தைத் தன் பக்கம் இன்னும் நான்கு விரற்கடை நகர்த்திவிட்டு, சகலையை நிமிர்ந்து பார்த்தார்.

ஹார்மின் கை, பழக்கத்தில், பழத்தை வெளியே இழுக்க எழுந்தது. பாதியில் நின்றது. பிறகு அந்தக் கையை மெதுவாக இறக்கி, தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.