செம்மறிகளுக்காக நேர்ந்த தேங்காய்

என் தம்பி மேற்கு அவுஸ்திரேலியாவில் செம்மறி ஏற்றும் லொறி வைத்திருந்தான். பண்ணைகளில் ஏற்றித் துறைமுகத்தில் இறக்குவான். அங்கிருந்து ஆடுகள் உயிரோடு கப்பலில் மத்திய கிழக்குக்குப் போகும். இறக்குவதற்கு வரிசையில் நிற்கும்போது எனக்குப் போன் எடுப்பான். மொன்றியலில் அப்போது காலை. கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்குப் போக, நான் பார்க் எக்ஸ்டென்ஷனில் பஸ்ஸுக்கு நின்றபடி கதைப்பேன்.

ஒருநாள் வீடியோவில் லொறியைக் காட்டினான். வெக்கையில் ஆடுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. இனி வாரக்கணக்கில் கடல். அந்த வெள்ளிக்கிழமையே கோயிலுக்குப் போய், தம்பி இந்த வேலையை விட்டால் தேங்காய் உடைப்பதாகப் பிள்ளையாருக்கு நேர்ந்தேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற ஆளா அவன்?

கொஞ்சக் காலத்தில் அவுஸ்திரேலிய அரசாங்கமே சட்டம் கொண்டுவந்தது. சில வருட அவகாசம் முடிந்தபின் செம்மறிகளை உயிரோடு கப்பலில் அனுப்பக்கூடாது. நான் துள்ளிக் குதித்தேன். தம்பி குதிக்கவில்லை. பண்ணைக்காரர் சிலர் அதுவரை காத்திராமல் ஆடுகளைக் குறைத்துக் கோதுமையைக் கூட்டிவிட்டார்கள். லொறி பாதி நாள் வீட்டு வளவிலேயே நின்றது.

"ஆடு தப்பீட்டுது எண்டு நினைக்கிறியளோ அக்கா? இஞ்ச கிட்டவே வெட்டுறாங்கள். ஆனா ஓம், கடல்லை கிடந்து அவியாது. அது நல்லதுதான்" என்றான்.

அவன் குரல் இறங்கியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நேர்த்தியைச் சொல்லிவிட்டேன்.

"என்னட்டையும் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே. வேற வேலை கிடைச்சு இதை விடோணும் எண்டு நேர்ந்திருந்தா ஆகாதோ?" என்றான். கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆடுகளுக்காக நேர்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. அவனை நினைக்கத்தான் அழுகை வந்தது.

போன மாதம் லொறியை விற்றுவிட்டான். "இனி உடையுங்கோ" என்றான்.

உடைத்தேன். பிறகு அங்கேயே நின்று, அவனுக்கு வேலை கிடைத்தால் இன்னொன்று உடைப்பதாக நேர்ந்தேன். இந்த முறை அவனைக் கேட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். லொறி வேலைதான் வேண்டும், வீட்டுக்குக் கிட்டவாக இருக்கவேண்டும் என்று அவன் சொன்னதையெல்லாம் அப்படியே சொன்னேன்.

உயிருள்ள எதையும் ஏற்றாத லொறி என்பதை மட்டும் நானாகச் சேர்த்துக்கொண்டேன்.