மின்கம்பத் தொழிலாளிக்கு எங்கள் மரியாதை

புயல் மழை ஓய்ந்த பின்னரும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் பல நாட்கள் இருளில் கிடந்தன. அறுந்த கம்பிகளை இணைக்க வந்த அரசாங்க மின்சார ஊழியர் ஒருவர், வேர் தளர்ந்து நின்ற டர்பன்டைன் மரம் சரிந்து விழுந்ததில் கம்பத்தடியிலேயே உயிர் நீத்தார். கொத்மலைப் பக்கத்துச் சிங்களவர். அன்று காலை எங்கள் வீட்டில் தேநீர் அருந்தி, சீனி போதாதென்று என் மனைவியைக் கேலி செய்தவர்.

எங்கள் தோட்டத்தில் சாவு விழுந்தால் அன்று பெரட்டு இல்லை, எவரும் வேலைக்கு இறங்குவதில்லை. தப்பு மேளம் முழங்காமல் பிரேதம் லயத்தை விட்டு இறங்குவதுமில்லை. அவருக்கும் அவ்வண்ணமே செய்ய விரும்பி, வேலைக்குச் செல்லாமல் லொறியொன்றில் அவருடைய ஊருக்குப் புறப்பட்டோம். அது அவர் வீட்டாருக்கு உவப்பாகுமா என்று எவரும் வினவவில்லை.

சாவு வீட்டு முற்றத்தில், வெண்கொடிகளின் கீழ், மேலதிகாரி ஒருவர் இரங்கலுரை நிகழ்த்திக்கொண்டிருந்தார். நாங்கள் வீதியோரம் சருகு கொளுத்தித் தப்பைக் காய்ச்சினோம். புகையைக் கண்டு, இறந்தவரின் மைத்துனர் விரைந்து வந்தார்.

"இதென்ன கல்யாண வீடா? பிரேதத்துக்கு ஓத ஹாமுதுருமார் வரப் போறாங்க. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் சிங்களத்தில்.

"நான் அப்பவே சொன்னேன், ஒன் அடியக் கேட்டா செத்தவரே எந்திரிச்சி ஓடிருவாருன்னு" என்று எங்களுள் மூத்தவர் தப்புக்காரரிடம் முணுமுணுத்தார்.

"சும்மா இருங்க மாமா" என்று தப்புக்காரர் நெருப்பை மிதித்து அணைத்தார். அவமானத்தால் அவர் முகம் கறுத்திருந்தது.

அப்போது இறந்தவரின் மனைவி வாசற்படலையடிக்கு வந்தார். அவரும் சிங்களத்திலேயே பேசினார்.

"நீங்க அந்தத் தோட்டத்து ஆளுங்களா?"

"ஆமாங்க நோனா."

"லைட் வந்துச்சா?"

 தப்புக்காரர் சொன்னார்: "கூட வந்தவங்க அழுதுகிட்டே கம்பிய இழுத்து முடிச்சாங்க. அன்னைக்கே எல்லா லயத்துலயும் வந்துருச்சு நோனா."

நோனா படலையைப் பற்றியவாறே தப்பைப் பார்த்தார்.

"இது உங்க ஆளு செத்தா அடிக்கிறதா?"

"ஆமாங்க. எங்க ஆளுக்கு மட்டுந்தான் அடிப்போம்."

"அப்ப ஹாமுதுருமார் போன பெறகு அடிங்க" என்றவர், தம் தம்பியான அந்த மைத்துனரை நோக்கினார். தம்பி தலையசைத்துவிட்டு உள்ளே சென்றார்.

பிக்குமார் ஓதி முடித்துச் சென்ற பின்னர், பிரேதப் பெட்டிக்கு முன்னே எங்கள் தப்பு முழங்கிற்று. பெட்டியின் முன்புறத்தை மைத்துனரே தோளில் சுமந்து வந்தார். இடுகாட்டுத் திருப்பம் வருவதற்குள் அவருடைய நடை எங்கள் அடிக்கு இசைந்திருந்தது.