தாள் இல்லாத பியானோக்காரன்

ஓட்டலில் பியானோ வாசிப்பவனை யாரும் கேட்க வருவதில்லை. நிறுத்தினால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்த உண்மை எனக்குத் தெரியவந்தது எழுபதுகளின் நடுவில், கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் பாளையங்கோட்டையிலிருந்து சின்ன வயதிலேயே இங்கே வந்துவிட்டோம். கன்னியாஸ்திரி ஒருவரிடம் பியானோ பழகினேன். லண்டனிலிருந்து வந்து பரீட்சை வைக்கும் துரைமார் முன்னால் உட்கார்ந்து, எட்டு கிரேடும் தேறினேன். பிறகு பவானிபூரில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சிரில் என்னைத் தேடி வந்தான். பார்க் ஸ்ட்ரீட் ஓட்டல் ஒன்றில் சனி, ஞாயிறு மதியத் தேநீர் வேளையில் வாசிக்கும் ஜாஸ் குழுவுக்கு அவன் தலைவன், சாக்ஸபோன் வாசிப்பான். அவனுடைய பியானோக்காரர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள உன் கையிலேர்ந்து சொந்தமா ஒரு சோலோ வரணும். வரலேன்னா பம்பாய்லேர்ந்து ஆளைக் கூப்பிடுவேன்" என்றான். சோலோ என்றால் வேறொன்றும் இல்லை. குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வரும். அப்போது மெட்டை விட்டுவிட்டு, அந்த நிமிஷத்தில் தோன்றுவதை வாசிக்க வேண்டும்.

அந்த இடம் போனால் நான் பட்டினி கிடந்திருக்க மாட்டேன். ஆனால் விவரம் தெரிந்த நாளிலிருந்து பிறர் எழுதியதையே வாசித்த கை இது. ஒரு நாளாவது அது தானாகப் பேச வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. வெளியே சொல்லக் கூச்சமாக இருந்ததால் மனைவி கிரேஸிடம்கூடச் சம்பளத்துக்காகப் போவதாகத்தான் சொன்னேன். முதல் வகுப்பில் தேறி, வேலையில் சேர்ந்த முதல் நாளே திருதிருவென்று முழித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். மேலே படியுங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

மீதித் தாள்

முதல் ஒத்திகைக்கு வெள்ளைச் சட்டையும் டையுமாகப் போனேன். சிரில் ஒரு தாளை நீட்டினான். அதில் ஒற்றை வரியில் ஒரு மெட்டு. அதன் தலைக்கு மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில ஆங்கில எழுத்துகள். இடது கைக்கு என்ன, எங்கே மெதுவாக, எங்கே ஓங்கி என்று ஒன்றுமே இல்லை. நான் பழகிய தாள்களில் எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்பதுகூட அச்சாகியிருக்கும்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் யாரோ டீ கிளாஸ் வைத்த வட்டம் மட்டும் இருந்தது. அச்சகத்தில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, "மீதித் தாள் எங்கே?" என்று மரியாதையாகவே கேட்டேன். மூங்கில் குச்சியால் காதைச் சொறிந்துகொண்டிருந்த டிரம்காரன் பாப்பா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரில் சிரிக்கவில்லை. சாக்ஸபோனைத் துடைத்தபடியே சொன்னான்: "மீதி உன்கிட்டதான் இருக்கு, ப்ரொஃபசர்."

அன்றிலிருந்து அந்த ஓட்டலில் என் பெயர் ப்ரொஃபசர்.

பஸ்ஸைக் கிளப்பியவன்

பாப்பா என்பது குழந்தை இல்லை. மீசை வைத்த வங்காளி. வாரநாளில் வங்கி குமாஸ்தா, வாரக்கடைசியில் டிரம்ஸ். அவன் கண்ட முதல் குறை என் கால். நான்கு எண்ணும் தாளத்தில் நான் ஒன்றிலும் மூன்றிலும் தரையைத் தட்டுகிறேனாம்; ஜாஸில் அழுத்தம் விழுவது இரண்டிலும் நான்கிலும். "உன் கால் பரேடு போகுது தாதா. டான்ஸ் ஆடவிடு" என்பான். தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன். அவன் வீடு ஜாதவ்பூர், என் வீடு டாக்குரியா. ஒரே பஸ். எனவே பாடம் பஸ்ஸிலும் தொடர்ந்தது. அவன் வாயால் ஒன்று, இரண்டு என்று எண்ணுவான். நான் இரண்டிலும் நான்கிலும் மட்டும் பக்கவாட்டுத் தகரத்தில் தட்ட வேண்டும்.

கல்கத்தா பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். அங்கே விசில் கிடையாது. கண்டக்டர் உள்ளங்கையால் தகரத்தை அறைவதுதான் உத்தரவு. ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. படித்த படிப்பில் இது எனக்கு மறந்துபோனது. கரியாஹாட்டில் பஸ் நின்று, ஜனம் ஏறிக்கொண்டிருந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு, நான்கு என்று பலமாக இரண்டு தட்டு தட்டினேன். பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் ரோட்டில் நின்றார். ஓடி வந்து தொற்றி ஏறி, மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்று கும்பிட்டார்: "தாதா, ரெண்டு தட்டு என்னோடது. நீங்க வேற ஏதாவது கணக்குல தட்டிக்குங்க."

கீழ்வீட்டு பௌதி

வீட்டில் ஒரு பழைய பியானோ இருந்தது. கீழ்வீட்டு அம்மாளை, அண்ணி முறை வைத்து, பௌதி என்று கூப்பிடுவோம். என் சாதகத்தைப் பற்றி அதுவரை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சோலோ பழக ஆரம்பித்த இரண்டாம் வாரம், கிரேஸ் கொடுத்தனுப்பிய இட்லிப் பாத்திரத்தைத் திருப்பித் தர மாடிக்கு வந்தவர், போகாமல் வாசலிலேயே நின்றார்.

"சத்தம் தொந்தரவா இருக்கா பௌதி?" என்று கேட்டேன். சத்தம் பழகிவிட்டது என்றார். பிறகு சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, மெதுவாக ஆரம்பித்தார்: "முன்னெல்லாம் ஒரே தப்பையே திரும்பத் திரும்பப் பண்ணுவீங்க. அது எப்ப வரும்னு தெரியும், நானும் மீன் நறுக்கிட்டிருப்பேன். இப்பல்லாம் தினம் ஒரு புதுத் தப்பு வருது தம்பி, எனக்குக் கையே ஓட மாட்டேங்குது."

கூடவே பாடிய மாசிமா

கை தானாகப் பேசவில்லை. ஆகவே நான் அதற்கு வசனம் எழுதிக்கொடுத்தேன். அதாவது, அந்த நிமிஷத்தில் தோன்ற வேண்டிய சோலோவை டாக்குரியாவில் உட்கார்ந்து முழுசாக எழுதி, மனப்பாடம் செய்து, தைரியத்துக்குத் தாளையும் பியானோ மேல் வைத்துக்கொண்டு வாசித்தேன். நடுவில் தயங்குவதுபோல ஒரு இடைவெளி, அதையும் எழுதியிருந்தேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. பம்பாய்க்காரன் ரயில் ஏற வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை தவறாமல் வயதான ஒரு மாசிமா வருவார்; அங்கே பெரியம்மா, சித்தி வயதுக்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம். வெள்ளைப் புடவை, தங்க பிரேம் கண்ணாடி, கேக் ஒன்று, டார்ஜிலிங் டீ ஒரு கெட்டில். பியானோவுக்குப் பக்கத்து மேஜைதான் வேண்டும் அவருக்கு. ஒரு சனிக்கிழமை என் சோலோ ஆரம்பித்ததும் பக்கத்தில் யாரோ முனகுவது கேட்டது. மாசிமா! நான் வாசிக்க வாசிக்க, ஒரு சுரம் பிசகாமல் கூடவே பாடுகிறார். நான் தயங்கும் இடத்தில் அவரும் தயங்கி, சரியான நேரத்தில் மறுபடி பிடித்துக்கொண்டார். சிரில் என்னைப் பார்த்தான். பாப்பா டிரம்முக்குப் பின்னால் குனிந்தவன் நிமிரவே இல்லை. எனக்குக் காது சிவந்துவிட்டது. பில் கொடுத்துவிட்டுப் போகும்போது மாசிமா என் தோளைத் தட்டினார்: "நீ யோசிக்கிற மாதிரி நிறுத்துற பாரு, அந்த இடம் ஒவ்வொரு வாரமும் ரொம்ப நல்லா இருக்குப்பா."

அண்ணாச்சி வந்தார்

பவானிபூரில் மளிகைக் கடை வைத்திருந்த வேலாயுதம் அண்ணாச்சி எங்கள் ஊர்ப்பக்கம். அப்பளமும் வடகமும் அவர் கடையில்தான் வாங்குவோம். "நம்ம ஊர்ப் பையன் வாசிக்கான், ஒரு தடவ கேக்கணும்லா" என்று, வேட்டியை விட்டு மகனுடைய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டார். கச்சேரி கேட்டுப் பழகிய மனிதர். உட்கார்ந்ததும் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். ஒன்றில் ஓங்கி ஒரு அடி. அதைப் பார்த்து, கஷ்டப்பட்டுத் திருத்திய என் கால் மறுபடியும் பரேடு போய்விட்டது. பாப்பா அண்ணாச்சியை முறைத்தான். அண்ணாச்சி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஓங்கிப் போட்டார்.

மறுநாள் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டே அவராகவே பேச்சை எடுத்தார். நான் ஆவலாகக் காத்திருந்தேன். "வாசிச்சதுல பாதி வெளங்கல தம்பி, மீதி கேக்கல. ஏசி நல்லா இருந்திச்சு."

இருட்டு

அந்த வருஷங்களில் கல்கத்தாவில் கரண்ட் இருக்கும் நேரத்தைத்தான் விசேஷமாகச் சொல்ல வேண்டும். லோட்ஷெடிங் எங்கள் ஓட்டலுக்கும் உண்டு. குளிர்சாதன ஓட்டல், ஜன்னல் கிடையாது; நடுமத்தியானம் மூன்று மணிக்கும் கும்மிருட்டாகிவிடும். ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் அதற்கு மனசு வர வேண்டும்.

துர்கா பூஜைக்குப் பிந்தைய சனிக்கிழமை. மாசிமா பாடிய வெட்கத்தில் வேறொரு சோலோ எழுதிக் கொண்டுபோயிருந்தேன். சரியாக மனப்பாடம் ஆகவில்லை. இரண்டு வரி போயிருக்கும், கரண்ட் போய்விட்டது. தாள் தெரியவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சிரிலின் சாக்ஸபோனும் பாப்பாவின் டிரம்மும் இருட்டிலும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. என்னால் முடியவில்லை. அவமானமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அழுகை வந்தது. இருட்டாக இருந்தது நல்லதாயிற்று. மூலை மேஜையிலிருந்து ஒரு குரல், உண்மையான அக்கறையோடு கேட்டது: "தாதா, பியானோவும் கரண்ட்லதான் ஓடுதா?"

ஆமென்

டிசம்பர் வந்தது. சிரில் பம்பாய்க்குத் தந்தி எழுதி வைத்துவிட்டதாகவும், இன்னும் அனுப்பவில்லை என்றும் பாப்பா என் காதில் போட்டான். அந்த வாரம் எங்கள் தமிழ்ச் சபையில் ஆராதனைக்கு ஆர்கன் வாசித்தேன். பயத்திலேயே திரிந்ததாலோ என்னவோ, கடைசிப் பாட்டு முடிந்து ஆமென் வரும்போது என் கை யாரையும் கேட்காமல் ஒரு ஜாஸ் சுரக்கூட்டில் போய் உட்கார்ந்தது. நான் எழுதாதது. எங்கிருந்து வந்தது என்றும் தெரியவில்லை. சபையார் வாயைத் திறந்தபடியே நின்றார்கள். கிரேஸ் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

வாசலில் கைகொடுக்கும்போது பாஸ்டர் ஐயா என் கையை விடவில்லை. "தம்பி, அந்த ஆமென்ல பாதிப் பேரு மேல போயிட்டாங்க, பாதிப் பேரு கீழயே நின்னுட்டாங்க. ஆண்டவரு எந்தப் பக்கம் கேப்பாரு, சொல்லு?"

மெழுகுவர்த்திக்கு அடியில்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை. ஓட்டலில் காகிதத் தோரணம், கூரையில் பலூன், உட்கார இடமில்லாத கூட்டம். பியானோ மேல் என் தாள். இந்த முறை கரைத்துக் குடித்திருந்தேன். சிரில் தன் சோலோவை முடித்து, சாக்ஸபோனை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தான். அதே நேரம் கரண்ட் போய்விட்டது.

பரிமாறும் ரஷீத் பாய் மெழுகுவர்த்தியோடு ஓடி வந்தார். பொறுப்பான மனிதர். பியானோ மேல் மெழுகு சொட்டக் கூடாது என்று, அங்கே கிடந்த தாளை அழகாக நாலாக மடித்து, அதன் மேல் மெழுகுவர்த்தியை ஊன்றி வைத்துவிட்டு, "இப்ப வெளிச்சம் போதுமா சாப்?" என்றார். என் சோலோ என் கண் முன்னாலேயே மெழுகுக்கு அடியில் போயிற்று. மனப்பாடம் செய்ததும் அதோடு போயிற்று. முதல் சுரம் என்ன என்பதே மறந்துவிட்டது. பாப்பா மட்டும் மெதுவாக இரண்டிலும் நான்கிலும் தட்டிக்கொண்டிருந்தான்.

கையைத் தூக்கிவைத்தேன். தப்பான சுரத்தில் விழுந்தது. மடிக்குப் போகப் பார்த்த கையை அடக்கி, அதே தப்பை இன்னொரு தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை அதற்குப் பாப்பா டிரம்மில் பதில் சொன்னான். அவனுக்கு நான் ஒன்று சொன்னேன். பிறகு பௌதியின் வீட்டுக்குக் கேட்ட எல்லாத் தப்பும் வரிசையாக வந்தது, ஆமெனும் வந்தது, கரியாஹாட் கண்டக்டரின் இரண்டு தட்டுகூட நடுவில் எங்கேயோ வந்தது. எதையும் நான் தேடவில்லை. கரண்ட் வந்ததே எனக்குத் தெரியாது. ஏசி உறுமும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தபோது விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது, மெழுகுவர்த்தியை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள், சிரில் சட்டைப் பையிலிருந்து தந்திக் காகிதத்தை எடுத்துக் கிழித்துக்கொண்டிருந்தான். பாப்பா எழுந்து நின்று டிரம் குச்சியால் எனக்கு சல்யூட் அடித்தான்.

அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. கூட்டம் கலையும்போது மாசிமா என்னிடம் வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, வருத்தமாகவே கேட்டார்: "இன்னிக்கு என்னப்பா ஆச்சு உனக்கு? ஒரு இடத்துலகூடக் கூடவே பாட முடியலையே!"

லண்டனிலிருந்து வந்த சான்றிதழ்கள் அத்தனையும் இன்றும் டிரங்குப் பெட்டியில்தான் கிடக்கின்றன. சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட நான் ஆசைப்பட்டது மாசிமாவின் அந்தப் புகார் ஒன்றைத்தான்.