பாட்டிலில் கொண்டுபோன கிணற்றுத் தண்ணீர்

இன்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் என்னைத் தீக்குளிக்க வந்தவன் என்று நினைத்துப் பிடித்துவிட்டார்கள்.

மனு கொடுக்கிற நாளில் பையைச் சோதிப்பார்கள் என்று தெரிந்தும், ரேஷன் மண்ணெண்ணெய் போல நீலம் பாய்ந்த தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோன புத்திசாலி நான். வரிசையில் பின்னால் நின்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளகுட்டிய நெனைங்கண்ணே" என்றார்.

"எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி மேடம்" என்றேன் பையைச் சோதித்த பெண் காவலரிடம். "பக்கத்துல மூடிக் கெடக்குற சாயப்பட்டறையில இருந்து ஊறுது. குளிச்சா எம்மகளுக்கு உடம்பெல்லாம் தடிக்குது."

அவர் மோந்து பார்த்தார். "சரி, அந்தச் செடியில ஊத்திட்டு உள்ள போங்க."

"செடி பட்டுப்போகும் மேடம்."

செடியைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். பிறகு அவரே கூட வந்து உள்ளே விட்டார்.

அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, "பட்டறையத்தான் மூடியாச்சே, இன்னும் என்ன?" என்றார்.

"பட்டறை வாசல் கேட்டத்தான் சார் மூடுனாங்க. கழிவுத் தொட்டி நெறஞ்சு அப்படியே கெடக்கு. அத அள்ளுற வரைக்கும் வாராவாரம் வருவேன்."

"தாராளமா வாங்க. பாட்டில் மட்டும் கொண்டுவராதீங்க."

சரியென்று தலையாட்டினேன். அடுத்த வாரம் குடத்தோடு வருவேன் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.