கழுத்து வளைகிற ரேசர்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் போன வாரம் திருக்கோகர்ணம் வீட்டுக்கு வந்திருந்தான். பைக்குள்ளிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தான். ஏதோ நகைதான் என்று அவன் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். திறந்தால், உள்ளே பஞ்சு மெத்தையில் படுத்திருக்கிறது அந்தக் காலத்து ஷேவிங் செட். கைப்பிடியைத் திருகினால் தலை கழலும். ஒற்றை பிளேடை வைத்து மறுபடி திருகிக்கொள்ள வேண்டும். அதேதான். ஆன்லைனில் வரவழைத்தானாம்.

"இதாம்ப்பா பெஸ்ட்டு. நீங்க வச்சிருக்க கார்ட்ரிட்ஜ் ரேசர் எல்லாம் ஏமாத்து வேலை. மூணு பிளேடு ஒரே எடத்துல ஓடுனா தோலு என்னத்துக்கு ஆகும்? அம்புட்டும் பிளாஸ்டிக் குப்பை வேற."

எனக்கே பாடம்! அவன் பிறப்பதற்கு முன்பே அந்த ஷேவிங் செட்டோடு மல்லுக்கட்டி, மேலுதட்டில் காகிதத் துணுக்கு ஒட்டிக்கொண்டு காலேஜுக்குப் போனவன் நான். ஆனாலும் அவன் சொன்னதில் பொய்யில்லை. ஒற்றை பிளேடு மலிவு. வழவழப்பும் அதில்தான். கார்ட்ரிட்ஜையோ கடையில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்து, கேட்டால் தங்கக்காசு மாதிரி எடுத்துக் கொடுக்கிறார்கள். எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். என் ஓட்டு மட்டும் கார்ட்ரிட்ஜுக்குத்தான். ஏன் என்று உங்களிடம் சொல்கிறேன். அவனிடம் சொல்லப்போனால் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான்.

மறுநாள் காலை அவன் பிரஷ்ஷில் நுரையைக் குழைத்தபோது வந்த சோப்பு வாசனையில் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அப்பா பஸ் டிரைவர். அன்னவாசல் பக்கம் போகிற முதல் வண்டி அவருடையது. விடிவதற்கு முன்பே கொல்லைக் குழாயடியில், ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் செருகிவைத்துக்கொண்டு சவரம் செய்வார். ஒருநாள்கூட விடமாட்டார். "ஸ்டியரிங் புடிக்கிறவன் மூஞ்சி தெளிவா இருந்தாத்தான் ஏறுறவனுக்கு நம்பிக்கை வரும்" என்பார். "ஏறுறவக எல்லாம் ஒங்க முதுகத்தான பாக்குறாக" என்பாள் அம்மா. அப்பா தாடையைத் தூக்கிக் கழுத்தை வழிக்க ஆரம்பித்துவிடுவார்.

முடிந்ததும் பிளேடைக் கழற்றி, கழுவி, துண்டில் ஒற்றி, அது வந்த காகிதத்திலேயே திரும்ப மடித்து வைப்பார். ஈரம் நின்றால் துருப்பிடித்துவிடும். அப்படி உழைத்து ஓய்ந்த பிளேடும் வீட்டை விட்டு வெளியே போகாது. ரவிக்கைத் தையல் பிரிக்க அம்மாவுக்கு ஒன்று, நகம் வெட்டப் பொதுவில் ஒன்று. மிச்சத்தைக் காகிதத்தோடு வைத்து இரண்டாக ஒடித்து, பென்சில் சீவ எனக்குப் பாதி, அக்காவுக்குப் பாதி. ஜாமெட்ரி பாக்ஸுக்குள் கையை விட்டு ரத்தம் பார்க்காத பிள்ளை எங்கள் வகுப்பில் கிடையாது. இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு பிளேடு கொண்டுபோய்ப் பாருங்கள், வீட்டு ஆளைக் கூட்டிவரச் சொல்லிவிடுவார்கள்.

அக்கா என்றதும் அத்தானைச் சொல்ல வேண்டும். துபாயிலிருந்து முதல் தடவை வந்தபோது மாமனாருக்கென்று ஒரு கார்ட்ரிட்ஜ் ரேசர் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் அதுவரை யாரும் பார்த்திராத சாமான். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, பழகிய கை அல்லவா, பிளேடு எப்படி இருக்கிறதென்று பார்க்கக் கைப்பிடியைத் திருகினார். திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாகத் திருகினார். பஸ் சக்கரத்து நட்டைக் கழற்றிய கை. மடக்கென்று ரேசரின் கழுத்து தனியாக வந்துவிட்டது.

"என்ன மாப்ளே, அம்புட்டுத் தூரத்துலேருந்து ஒடஞ்சதையா கொண்டாந்தீங்க?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றோடு கார்ட்ரிட்ஜ் என்றாலே எங்கள் வீட்டில் மட்டமான சாமான் என்றாகிவிட்டது.

ஓய்வு பெற்றுச் சில வருஷத்தில் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. மாத்திரையில் குறையுமே தவிர நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காபி சிந்தினால் துடைத்துவிடலாம், பிளேடு அப்படியா? ஒருநாள் கன்னம், ஒருநாள் தாடை. படிகாரக் கட்டியை ஒற்றி ஒற்றி வைத்தும் பனியனெல்லாம் ரத்தம்.

"ஏங்க, நம்ம புள்ளதான வழிச்சு விடுறேங்குறான், செத்த காமிங்களேன்" என்று அம்மா அழுதுபார்த்தாள். அசையவில்லை. தெருமுனையில் சலூன் வைத்திருக்கும் முருகேசனை வீட்டுக்கு வரச் சொன்னேன். அவன் பையோடு வாசலில் நின்றதும் அப்பா முகம் மாறிவிட்டது. எங்கள் பக்கம் ஓர் ஆள் இறந்துபோனால், குளிப்பாட்டுவதற்கு முன் சவரம் செய்ய அப்படித்தான் வீட்டுக்கு வருவார்கள்.

"முருகேசா, நீ வரவேண்டிய அன்னைக்கு வா. அதுவரைக்கும் என் மூஞ்சிய நான்தான் வழிப்பேன்."

"சரிங்கய்யா" என்று அவன் போய்விட்டான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவரிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். வண்டி இல்லை. சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிடுகிறாள். சோறு ஸ்பூனில். இதையும் பிடுங்கிக்கொண்டால் மனுஷன் படுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

கீழராஜ வீதிக்குப் போய் ஒரு கார்ட்ரிட்ஜ் ரேசர் வாங்கிவந்தேன். "திருகாதீங்கப்பா" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தேன். முறைத்தார். "அன்னைக்கு அது ஒடஞ்சுதான் வந்துச்சு" என்றார்.

பழைய செட்டில் சாய்மானம் பார்த்துக் கையைப் பிடிக்க வேண்டும்; கொஞ்சம் தப்பினாலும் கிழித்துவிடும். கார்ட்ரிட்ஜின் கழுத்து தானாக வளைந்துகொடுக்கும். கை அங்கிட்டும் இங்கிட்டும் ஆடினாலும் பிளேடு கன்னத்தில் படிந்தே போகும். அம்மா படிகாரத்தோடு பக்கத்திலேயே நின்றாள். அப்பா மெதுவாக இழுத்து முடித்து முகத்தைக் கழுவினார். ரத்தம் இல்லை. கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஏய், இங்கிட்டு வந்து பாரு."

அம்மாவும் தடவினாள். "வழவழன்னு இருக்குங்க" என்றாள். உண்மையில் அங்கங்கே முள் நின்றது. எனக்கு என்னவோ பெரிய பரீட்சையில் பாஸான சந்தோஷம். நான் உள்ளே போய் வருவதற்குள் அப்பா, பிளேடைத் தனியே எடுத்துத் துடைக்கிறேன் என்று ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்துவிட்டார். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அதன் பிறகு தினமும் அந்த ரேசரைக் குழாயில் டக் டக்கென்று தட்டிக் கழுவி, துண்டில் ஒற்றி வைப்பார். எங்களுக்கெல்லாம் விடிகிற சத்தமே அதுதான்.

ஒரு மார்கழிக் காலையில் அந்தச் சத்தம் கேட்டது. காபி கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா டம்ளரோடு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

முருகேசன் வந்தான். அப்பா கன்னத்தில் தண்ணீரைத் தொட்டு வைத்தவன், விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"அண்ணே, எனக்கு இங்க வேலை இல்ல. அய்யாவே முடிச்சிட்டாரு."

பிறகு என் பக்கம் திரும்பினான். "நீங்க வாங்கண்ணே." கொள்ளி வைக்கிற மகனுக்கு மொட்டை போட்டு மீசையும் எடுக்க வேண்டுமே. கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்தேன். இப்போது அந்தக் கொல்லையும் இல்லை, குழாயும் இல்லை. இடித்து பாத்ரூம் கட்டியாயிற்று. முருகேசன் கத்தியை வைத்தான். அதுவரை வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது.

"ஆடாம இருங்கண்ணே" என்றான் முருகேசன். என்னால் முடியவில்லை.